ஆமைக்காக ஒரு வலை

ஓடுகிறவர்களுக்குச் சட்டையும் காலணியும் செய்து விற்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். நான் ஓடுவதில்லை. கடைசியாக ஓடியது சிங்கப்பூரில் ஒரு பேருந்தைப் பிடிப்பதற்காக. அதையும் பிடிக்க முடியவில்லை. கம்பெனி செய்யும் நல்ல காரியங்களை நாலு பேருக்குத் தெரியும்படி எழுதுவது என் வேலை. செய்யாத காரியங்களைப் பற்றி வாயைத் திறக்காமல் இருப்பதும் அதே சம்பளத்தில் அடக்கம்.

சில காலமாக எங்கள் கம்பெனிக்குப் பூமி மேல் பாசம் பொங்கிக்கொண்டிருக்கிறது. பழைய பிளாஸ்டிக் பாட்டில்களை உருக்கி நூலாக்கி, அந்த நூலில் சட்டை தைக்கிறோம். பாட்டில் கடலுக்குப் போய்ச் சேரும் முன் ஆறுகளிலேயே வலை கட்டிப் பிடித்துவிட வேண்டும் என்பது திட்டம். விளம்பரத்தில் ஓர் ஆமை இருக்கும். அதன் கீழே 'ஒவ்வொரு சட்டையும் ஓர் ஆமையைக் காக்கிறது' என்று போட்டிருக்கும். அந்த வரி என் கைவண்ணம். நான் நேரில் ஆமையைப் பார்த்தது மிருகக்காட்சி சாலையில் மட்டும்தான், அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது.

காவிரித் தண்ணீரைக் கடல் பக்கம் கொண்டுபோகும் வாய்க்கால் ஒன்றில் இந்த ஆடியில் அப்படியொரு வலை கட்டினார்கள். அதைப் படம் பிடித்து வர ஐரோப்பாவிலுள்ள தலைமை அலுவலகத்திலிருந்து ஹென்ரிக் என்ற அதிகாரி கிளம்பினார். துணைக்கு நான். தமிழ் தெரியும் என்பதைத் தவிர இந்தப் பயணத்துக்கு எனக்கு வேறு தகுதி கிடையாது. விவசாயத்தைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அரிசி பையில் வரும் என்பதுதான்.

முதல் நாள் மதியம் தஞ்சாவூர். ஆடிக்காற்று பேயாக அடித்தது, ஆனால் வெயிலுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. எங்களுக்கு வாய்த்த டிரைவர் பாஸ்கர், மயிலாடுதுறைப் பக்கத்துக்காரர், கேட்டால் மட்டும் பதில் சொல்லும் ரகம். இந்தக் குணத்தின் அருமை எனக்கு மூன்றாம் நாள்தான் புரிந்தது.

அவர் அழைத்துப்போன மெஸ்ஸில் வாழையிலை போட்டார்கள். ஹென்ரிக் இலையைத் தடவிப் பார்த்துவிட்டு, சாப்பிட்ட பிறகு இதை என்ன செய்வார்கள் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். பரிமாறுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாடு திங்கும்."

மொழிபெயர்த்தேன். ஹென்ரிக் இலையை இன்னொரு முறை தடவிப் பார்த்தார். எங்கள் தலைமை அலுவலகத்தில் சாப்பாட்டுத் தட்டுகளை எப்படி மட்கச் செய்வது என்று ஆராய ஒரு குழு இருக்கிறது. அவர் அதில் உறுப்பினர். குழுவில் மாடு இல்லை. அந்த யோசனையிலேயே ரசத்தை இலையில் ஊற்றவிட்டார். அது அவர் மடியை நோக்கி விறுவிறுவென்று கிளம்பியது. பக்கத்து இலைக்காரர் சட்டென்று கையை நீட்டி, ஹென்ரிக்கின் சோற்றை வரப்பு மாதிரி குவித்து ரசத்தைத் திருப்பிவிட்டார். "மொதல்ல கரையைக் கட்டணும் சார், அப்புறம்தான் தண்ணி விடணும்," என்று சொல்லிவிட்டுத் தன் மோருக்குத் திரும்பினார். இந்த ஊரில் எல்லோருக்கும் தண்ணீரை மறிக்கத் தெரியும் என்று சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்போடு விஷயத்தை மறந்தும் விட்டேன்.

சாப்பிட்டதும் பெரிய கோயில். உச்சி வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஹென்ரிக் கருங்கல் தரையில் காலை வைத்தார். எங்கள் கம்பெனி விளம்பரங்களில் எத்தனையோ பேர் ஓடிப் பார்த்திருக்கிறேன்; அவ்வளவு மனப்பூர்வமான ஓட்டத்தைப் பார்த்ததில்லை. நிழலில் உட்கார்ந்திருந்த குடும்பம் ஒன்று நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தது. அந்த அம்மாள் என்னிடம், "எந்த ஊரும்மா?" என்றார்.

"சிங்கப்பூர்."

"அது சரி. சொந்த ஊரு?"

"அதுவும் சிங்கப்பூர்தாங்க."

"அதுக்கு முன்னாடி?"

அதற்கு முன்னால் நான் பிறக்கவில்லை என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. போகும்போது, "வீட்டுல கேட்டு வைங்க," என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை திருக்கடையூர் லாட்ஜில் இறங்கினோம். வலை இருக்கும் ஊருக்கு அதுதான் பக்கம் என்றார் பாஸ்கர். லாட்ஜ் முழுக்க அறுபதாம் கல்யாணக் கூட்டம். மாடிப்படியில் பட்டு வேட்டி, வராந்தாவில் ஜரிகைப் புடவை, எந்தக் கதவைத் திறந்தாலும் பேரப்பிள்ளைகள். வரவேற்பில் இருந்தவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, ஐயருக்குச் சொல்லியாயிற்றா, நாங்களே ஏற்பாடு செய்யவா என்று கேட்டார். சாருக்கு நட்சத்திரம் தெரிந்தால் போதுமாம். ஹென்ரிக்குக்குக் கல்யாணமே ஆகவில்லை, வயதும் ஐம்பதைத் தொடவில்லை. எனக்கு அதைவிடக் குறைவு. இதை நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

இரண்டாம் நாள் விடிந்ததும் ஹென்ரிக் ஓடப் போனார். அவர் ஊரில் இருந்தாலும் ஓடுவார், ஊர் விட்டு ஊர் வந்தாலும் ஓடுவார். டீக்கடையில் நான் உட்கார்ந்திருக்க, சிவந்த முகத்தோடு எங்களைக் கடந்து போனார். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"யாரு தொரத்துறாங்க?"

"யாரும் இல்லைங்க. சும்மா ஓடுறார்."

"சும்மா எதுக்கு ஓடணும்?"

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் எங்கள் கம்பெனியை மூட வேண்டியதுதான். நான் இன்னொரு டீ சொன்னேன்.

வலை கட்டிய ஊரின் பெயரைச் சொன்னால் வம்பு. மேலூர் என்று வைத்துக்கொள்வோம். மதுரைப் பக்கத்து மேலூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஊர் எல்லையிலேயே நாயனம், மேளம், மாலை. விவசாயிகள் சங்கத் தலைவர் சிவநேசன் வெள்ளை வேட்டிக்கு மேல் நாங்கள் இலவசமாக அனுப்பியிருந்த நீலச் சட்டையைப் போட்டு, தலையில் எங்கள் தொப்பியையும் கவிழ்த்திருந்தார். "வாங்க மேடம், வாங்க சார். இந்த வலை வந்ததுலேர்ந்து எங்க ஊருக்கே ஒரு வெளிச்சம்," என்றார். பின்னால் நின்ற கூட்டம் தலையாட்டியது. எந்த நாட்டுக்குப் போனாலும் எங்கள் கம்பெனியை மக்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். இங்கே பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள்.

வலைக்கு மாவிலைத் தோரணம் கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் தொங்கவிட்டிருந்தார்கள். எங்கள் பொறியாளர்கள் செய்து அனுப்பியது மேலாக மிதக்கும் வலை. அடியில் தண்ணீரும் மீனும் போக வழி விட்டிருக்கும். ஊர்க்காரர்கள் அதோடு நிற்கவில்லை. வரிசையாக மூங்கில் ஊன்றி, மணல் மூட்டை அடுக்கி, இடைவெளியில் தென்னை மட்டையும் வைக்கோலும் திணித்து, வலையைக் கோட்டைச் சுவர் மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள்.

"காத்துல ஆடிச்சுங்க மேடம்," என்றார் சிவநேசன். "கீழ சந்து வேற. அதுல ஒரு பாட்டில் நழுவிப் போனாலும் நமக்குத்தான அவமானம்? அதான் நாங்களே முட்டு குடுத்துட்டோம்."

மொழிபெயர்த்தபோது என் குரல் தழுதழுத்தது. ஹென்ரிக் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வலைக்கு மேற்கே வாய்க்கால் கரை தளும்ப நின்றது. இரு பக்கத்து வயல்களிலும் தண்ணீர் பளபளத்தது. கிழக்கே கணுக்கால் நனையும் அளவுக்கு ஏதோ ஓடியது. நான் இதைப் பார்த்தேன், அழகாக இருக்கிறது என்று படமும் எடுத்தேன். பாஸ்கர் காரில் சாய்ந்து நின்று எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே குறை, வலையில் பாட்டில் இல்லை. ஆடிப்பெருக்கு முடிந்த சமயம். புதுமணத் தம்பதிகள் ஆற்றில் விட்ட கல்யாண மாலைகள், காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, ஆகாயத்தாமரை, ஒற்றைச் செருப்பு, இவைதான் சிக்கியிருந்தன. தேடிப் பார்த்ததில் ஏழெட்டு பாட்டில் தேறின. ஹென்ரிக்கின் முகம் விழுந்துவிட்டது. சிவநேசன் அந்த முகத்தைப் பார்த்தார்.

மதியம் அவர் வீட்டில் சாப்பாடு. விரால் மீன் குழம்பு, முருங்கைக்கீரை, தயிர். ஹென்ரிக் இந்த முறை சோற்றில் கரை கட்டிக்கொண்டார். நாங்கள் வெற்றிலை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தபோது வலையில் பாட்டில்கள் பொங்கி வழிந்தன. எல்லாம் ஒரே சோடாக் கம்பெனி. ஒன்றை எடுத்துப் பார்த்தேன், கையில் இன்னும் ஜில்லென்றது. வந்த விருந்தாளி வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஊரே உட்கார்ந்து சோடா குடித்திருக்கிறது. ஹென்ரிக் ஆனந்தமாகப் படம் பிடித்தார். நான் முன்பே சொன்ன மாதிரி, சில விஷயங்களில் வாயைத் திறக்காமல் இருப்பதும் என் சம்பளத்தில் அடக்கம்.

மூன்றாம் நாள் வலை மேல் ஒரு மீன்கொத்தி வந்து உட்காரும் என்று ஹென்ரிக் கேமராவோடு காத்திருந்தார். நான் தரங்கம்பாடிக்குப் போய்க் கடல் காற்று வாங்கலாம் என்று பாஸ்கரோடு கிளம்பினேன். வழியைச் செல்போனிடம் கேட்டது என் தப்பு. அது சொன்ன சாலை சந்தாகி, சந்து வாய்க்கால் கரையாகி, கரையும் ஓர் இடத்தில் முடிந்துபோனது. பாஸ்கர் பின்னால் எடுத்தார். மண் சரிந்து கார் மெதுவாக, அவசரமே இல்லாமல், வாய்க்காலுக்குள் இறங்கி நின்றது. கதவைத் திறந்து காலை வைத்தேன். நனையவில்லை. வாய்க்காலின் தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது.

கரையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். யாரோ கயிறு கொண்டுவந்தார்கள், இன்னொருவர் டிராக்டருக்குப் போன் போட்டார். இந்த ஜனங்களின் உதவும் குணத்தை நான் வியந்துகொண்டிருந்தபோது, சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்ட ஓர் அம்மாள் காரைச் சுற்றி வந்து, கதவில் ஒட்டியிருந்த எங்கள் கம்பெனி ஸ்டிக்கரை உற்றுப் பார்த்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் மண்வெட்டி.

"பாட்டில்ல பனியன் பண்ற கம்பெனியா?"

"ஆமாங்க," என்றேன் பெருமையாக.

"டேய், கயித்தை விடுங்கடா." என்னிடம் திரும்பினார். "வண்டி இங்கயே இருக்கட்டும். நீங்க வலைய எடுத்தா தண்ணி வரும். தண்ணி வந்தா அதுவே மெதந்து வரும்."

கயிறு போனது, போன் நின்றது, எல்லோரும் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த வலை, எந்தத் தண்ணீர் என்று பாஸ்கரைக் கேட்டேன். கேட்டதால் அவர் சொன்னார். நாங்கள் நின்றது மேலூரில் தளும்பிக்கொண்டிருந்த அதே வாய்க்கால். இது அதன் கடைசி ஊர், கடைமடை. இதைக் கீழூர் என்று வைத்துக்கொள்வோம்.

"அது வலை இல்ல மேடம்," என்றார் பாஸ்கர். "கொரம்பு."

வாய்க்காலின் குறுக்கே மூங்கிலும் தழையும் மண்ணும் போட்டு அடைத்து, தண்ணீரை மேட்டு வயலுக்கு ஏற்றிக்கொள்வதற்கு அந்தப் பெயராம். தலைமுறை தலைமுறையாக மேல் ஊர்க்காரர்கள் அதைப் போடுவார்களாம், கீழ் ஊர்க்காரர்கள் வந்து பிரிப்பார்களாம், மண்டை உடையுமாம், பிறகு பேசித் தீர்ப்பார்களாம். இந்த வருஷம் பிரிக்க வந்தவர்களிடம் மேலூர்க்காரர்கள், இது எங்க கொரம்பு இல்லை, வெளிநாட்டுக் கம்பெனியோட வலை, தொட்டால் போலீஸ் வரும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"இது முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?"

"பார்த்தவுடனே தெரியும். நீங்க கேக்கலையே மேடம்."

மேளம், மாலை, ஆரத்தி, விரால் மீன் எல்லாம் ஒவ்வொன்றாக எனக்கு நினைவுக்கு வந்தன. உலகத்திலேயே எங்கள் கம்பெனியை நேசித்த ஒரே ஊர், அணைக்காக நேசித்திருக்கிறது.

மண்வெட்டி அம்மாளின் பெயர் வசந்தா. வண்டியைத் தர மறுத்தவர் சோறு தர மறுக்கவில்லை. "சண்டை வண்டியோடதான். நீங்க வந்து சாப்புடுங்க," என்று வீட்டுக்கு இழுத்துப் போனார். சுடுசோறும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும். சிங்கப்பூரில் என் பக்கத்து வீட்டுக்காரருக்கும் எனக்கும் சண்டை வந்து பல வருஷமாகப் பேச்சில்லை. சண்டைக்கு நடுவில் சோறு போடலாம் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றியதே இல்லை. இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு அவர் தன் நாற்றங்காலைக் காட்டினார்.

பச்சையாக இருக்க வேண்டிய நாற்று நுனியில் பழுத்து, விரல் விரலாகச் சுருண்டிருந்தது. மண் வெளுத்திருந்தது. வசந்தா உட்கார்ந்து ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் நட்டு மண்ணை அமுக்கினார்.

"மொதத் தண்ணி வந்துச்சு, நாத்து விட்டேன். அப்புறம் ஒங்க வலை வந்துச்சு, தண்ணி போச்சு."

"போர் தண்ணி இல்லைங்களா?"

"இங்க போர் போட்டா கடல்தான் வரும். உப்பு. ஊத்துனா இன்னிக்கே செத்துரும்." எழுந்து கையைத் தட்டினார். "இத்தன வருஷம் அடுத்தவங்க வயல்ல நட்டேம்மா. இந்த வருஷம்தான் எம் பேருல குத்தகைக்கு எடுத்தேன். எடுக்காதன்னு எம் மவன் சொன்னான். நாந்தான் கேக்கல. நாளைக்குள்ள தண்ணி ஏறுனா பொழைக்கும். இல்லன்னா அவன் சொன்னது சரியாப் போயிடும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆமைக்கு வரி எழுதியபோது இந்த நாற்று என் கண்ணில் எங்கேயும் படவில்லை. ஆத்திரமும் வந்தது, சிவநேசன் மேலா, ஹென்ரிக் மேலா, என் மேலேயா என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை இல்லை. போய்ப் பேசுகிறேன் என்றேன்.

"பேசுங்க. வண்டி பத்திரமா இருக்கும்," என்றார் வசந்தா.

பாஸ்கர் வண்டியை விட்டு வர மாட்டேன் என்று வாய்க்காலுக்குள்ளேயே இருந்துவிட்டார். நான் டவுன் பஸ் ஏறினேன். கண்டக்டர் என்னிடம் காசு வாங்க மறுத்தார். இந்த பஸ்ஸில் பெண்களுக்கு இலவசமாம். நான் வெளிநாடு என்றேன். "பொம்பளதான?" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்தார். சிங்கப்பூரில் படியில் கால் வைக்கும் முன் அட்டையைத் தட்ட வேண்டும். இங்கே ஒரு கோழிக்கூடை, இரண்டு உரமூட்டை, ஓர் அழுகிற குழந்தை எல்லாம் என் மடியில் மாறி மாறிப் பயணம் செய்தன. இறங்கும்போது மூன்று பேர் எனக்குச் சொந்த ஊர் எது என்று கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார்கள். மூன்றும் வேறு வேறு ஊர்.

நான்காம் நாள் காலை இட்லிக்கு நடுவே ஹென்ரிக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர். முகம் வெளுத்துப்போனது. "இது மிகவும் வருந்தத்தக்கது," என்றார். "இன்றே தலைமை அலுவலகத்துக்கு எழுதுகிறேன். ஒரு குழு வந்து ஆய்வு செய்யும்."

"எப்போது?"

"அடுத்த காலாண்டில் முடிந்துவிடும்."

நாளைக்குள் என்று வசந்தா சொன்ன நாள் அன்றுதான். எங்கள் குழுக்களை நான் அறிவேன். ஆய்வு செய்வார்கள், வெட்கப்படுவார்கள், சத்தமில்லாமல் திட்டத்தைக் கைவிடுவார்கள். வலை மட்டும் மேலூரில் கொரம்பாகவே இருந்துகொண்டிருக்கும். உண்மையைச் சொல்லி வேலை நடக்காது என்று தெரிந்ததும் என் தொழில் எனக்குக் கை கொடுத்தது.

"ஹென்ரிக், கீழூரில் கடைசி வயலைத் தாண்டினால் என்ன இருக்கிறது தெரியுமா? கடல்."

அவர் கையிலிருந்த இட்லி நின்றது. "கடலா?"

"வாய்க்கால் கடலில் சேரும் இடம். அதற்கு அப்புறம் வயல் கிடையாது. அலை, படகு, மணல். வலையை அங்கே மாற்றினால் யாருக்கும் தண்ணீர் நிற்காது. சட்டையில் 'வாய்க்கால் பிளாஸ்டிக்' என்று போட வேண்டியதில்லை. 'கடல் வாசலில் பிடித்த பிளாஸ்டிக்' என்று போடலாம்."

கடல் என்ற சொல்லைச் சட்டையில் போட வேண்டும் என்று அவர் தலைமை அலுவலகத்தோடு நெடுநாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அவர் கண் அப்படியே மின்னியது. இதற்குக் குழு வேண்டாமா என்று கேட்டேன். வேண்டாம், களத்திலேயே முடிவெடுக்கும் அதிகாரம் தனக்கு உண்டு என்றார்.

மேலூரில் சிவநேசன் அதே நீலச் சட்டையில் காத்திருந்தார். வலையை எடுக்கப் போகிறோம் என்றதும் அவர் முகத்தில் ஒரு பெரும் சோகம் பரவியது. அது தனக்காக வந்த சோகமில்லை என்று விளக்கினார்.

"நமக்கு ஒண்ணும் இல்லைங்க மேடம். வலைய எடுத்தா பிளாஸ்டிக்கு நேரா கடலுக்குப் போயிடும். அந்த ஆமை என்ன ஆவுறது? நீங்களே எழுதியிருக்கீங்க."

பின்னால் நின்றவர்கள் ஆமைக்காகத் தலை குனிந்தார்கள். என் வரியை என் முன்னாலேயே இவ்வளவு உருக்கமாக யாரும் சொன்னதில்லை.

"ஆமை அங்கதான் சார் இருக்கு," என்றேன். "கடல் ஓரத்துல. வலைய அதுக்குப் பக்கத்துலயே கொண்டுபோய் வெச்சுடறோம்."

சிவநேசன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு வந்து, அடக்கப்பட்டு, திரும்பவும் வந்தது.

"எங்க வயலு மேட்டு வயலுங்க," என்றார் மெதுவாக. "கொரம்பு இல்லாம ஏறாது. எங்களுக்கும் வேற வழி இல்ல. பரவால்ல, ஒரு தண்ணி பாஞ்சுடுச்சு." திரும்பி ஆட்களைப் பார்த்து, "எடுங்கப்பா," என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, "அந்த வசந்தாகிட்ட நான் எடுத்தேன்னு சொல்லாதீங்க. கம்பெனி எடுத்துச்சுன்னு சொல்லுங்க. இல்லன்னா அது வருஷா வருஷம் வந்து நிக்கும்," என்றார்.

கட்டியவர்களே பிரித்தார்கள். மூங்கில் ஒவ்வொன்றாக வந்தது, மூட்டைகள் கரையேறின, வைக்கோல் பிய்ந்தது. கடைசி மட்டையை உருவியதும் தேங்கிய தண்ணீர் சத்தமாக மூச்சு விட்டுக் கிளம்பியது. அப்போதுதான் ஹென்ரிக்குக்கு ஞாபகம் வந்தது, உள்ளே இருந்த பாட்டில்களை யாரும் எடுக்கவில்லை என்று. சோடா பாட்டில்களும் கல்யாண மாலைகளும் கும்பலாகக் கிழக்கே போய்க்கொண்டிருந்தன. ஹென்ரிக் கரையோடு கொஞ்ச தூரம் அவற்றைத் துரத்தி ஓடினார். கோயில் தரையை விட்டால், அவர் ஓடியதற்கு ஒரு காரணம் இருந்தது இப்போதுதான்.

அப்புறம் எனக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் கார் அந்த வாய்க்காலுக்குள் இருக்கிறது, பாஸ்கர் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார்.

சிவநேசன் ஏற்பாடு செய்த இரண்டு மோட்டார் சைக்கிள்களில் பறந்தோம். பாஸ்கர் போனை எடுக்கவில்லை. வழி நெடுக ஒரு வளைவில் தண்ணீர் எங்களுக்கு முன்னால் இருந்தது, அடுத்த வளைவில் நாங்கள் அதற்கு முன்னால் இருந்தோம். கீழூர் போய்ச் சேர்ந்தபோது கார் கரை மேல் பத்திரமாக நின்றது. பக்கத்தில் டிராக்டர், சேறு பூசிய பாஸ்கர்.

"மேலூர்ல பிரிச்சுட்டாங்கன்னு போன் வந்துச்சு மேடம்," என்றார். "வந்த உடனே அந்தம்மா வண்டிய எடுக்கச் சொல்லிட்டாங்க."

மனம் இளகிவிட்டது போலும் என்று வசந்தாவைத் தேடிப் போய் நன்றி சொன்னேன். மடையருகே நின்றவர் திரும்பிப் பார்க்காமலே, "அது உள்ள நின்னா தண்ணிய மறிக்கும்ல?" என்றார்.

தண்ணீர் வந்தது. நான் எதிர்பார்த்த மாதிரி வரவில்லை. அழுக்கு நுரையைத் தள்ளிக்கொண்டு, வெடிப்புகளில் இறங்கி, நிரம்பி, மறுபடி கிளம்பி, ஒரு நோஞ்சான் நாய் மோப்பம் பிடித்துப் போவதுபோல் வந்தது. புதுத் தண்ணீருக்குப் பூ போட்டுக் கும்பிடுவது இங்கே வழக்கமாம். யாரும் பூ கொண்டுவரவில்லை. வரும் என்று யாரும் நம்பவில்லை. மேலூரிலிருந்து மிதந்து வந்த கல்யாண மாலைகள் பின்னாலேயே வந்து சேர்ந்தன. ஒரு பெண் அதிலிருந்து ஒரு பிடி பூவை உருவி அதே தண்ணீரில் போட்டுக் கும்பிட்டாள்.

வசந்தா மண்வெட்டியால் மடையை வெட்டினார். தண்ணீர் தயங்கி நின்றது, பிறகு நாற்றங்காலுக்குள் தலையை விட்டது. வெளுத்த மண் கறுத்துக்கொண்டே போனது. அவர் உள்ளே இறங்கி, கூடவே நடந்து, காலால் அதற்கு வழி காட்டினார். முகத்தை எங்களுக்குக் காட்டவில்லை. ஒரு கட்டத்தில் தோளில் சட்டையை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மட்டும் பார்த்தேன். ஹென்ரிக் கேமராவை எடுத்தார், பிறகு என்ன தோன்றியதோ, கீழே வைத்துவிட்டார்.

திடீரென்று தண்ணீர் நின்றது. மடை வாயில் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. வசந்தா வேகமாகத் திரும்பி வந்து, குனிந்து, கையை விட்டு அதை இழுத்தார். மூடி போட்ட சோடா பாட்டில். தண்ணீர் மறுபடி ஓடியது. அவர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார், குறி பார்த்துக் கரைக்கு வீசினார்.

"இந்தாம்மா, ஒங்க பனியன்."

பிடித்துக்கொண்டேன். அவர் அடுத்த பாட்டிலுக்குக் குனிந்திருந்தார்.